வேகமா, தூரமா: அறுபதைக் கடந்தவர்களுக்கு எந்த நடை?

"தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன் சார், ஆனா ரெண்டாவது மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்க." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் அடிக்கடி சொல்வது இது. இதில் விநோதம் ஒன்றும் இல்லை. எவ்வளவு உழைப்பைக் கேட்கிறோமோ அவ்வளவுக்குத்தான் உடம்பு தயாராகும். இரண்டு வருடமாக ஒரே வேகத்தில், பேசிக்கொண்டே, அதே நாலு சுற்று நடந்தால் அந்த நாலு சுற்றுக்கான தெம்பு குறையாமல் இருக்கும். அதற்கு மேல் எதுவும் சேராது.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் ஐந்து வழிகள் உண்டு. நடக்கும் நேரத்தைக் கூட்டலாம். நேரத்தை அப்படியே வைத்து, வேகத்தைச் சீராகக் கூட்டலாம். வேகமாகக் கொஞ்சம், மெதுவாகக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நடக்கலாம். மேடும் படியும் ஏறலாம். அல்லது நடையைத் தொடாமல் கால் தசையை வலுப்படுத்தலாம். பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சுலபம். மூச்சுத் தெம்பைக் கூட்டுவதில் மற்ற நாலையும்விடக் குறைந்த பலன் தருவதும் அதுதான்.

வயதை மட்டும் வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. நடக்கும்போது முதலில் உங்களை நிறுத்துவது எது என்று பாருங்கள்: மூச்சா, கெண்டைக்கால் வலியா, முழங்காலா, தடுமாற்றமா? அதற்கேற்பத் தேர்வு மாறும்.

தேர்வுக்கு முன் இரண்டு அளவுகள்

முதலாவது, ஆறு நிமிட நடை. மருத்துவமனைகளில் இதய, நுரையீரல் நோயாளிகளுக்குச் செய்யும் அதே சோதனைதான். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் டேப் வைத்து 30 மீட்டர் அளந்து, இரு முனையிலும் ஒரு நாற்காலி போடுங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும், ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கூட இருப்பவர் சுற்றுகளை எண்ணட்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 11 முறை போய், மேலும் 10 மீட்டர் நடந்திருந்தால் 340 மீட்டர். முதல் முறை எல்லோரும் தயங்கியே நடப்பார்கள். அதனால் இன்னொரு நாளும் செய்து, அதிகமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து அதே செருப்பு அல்லது ஷூவுடன், அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடி பாருங்கள். 20 மீட்டர் கூடியிருந்தால் சிறிய முன்னேற்றம், 50 மீட்டர் கூடியிருந்தால் நல்ல முன்னேற்றம். ஐந்து மீட்டர், எட்டு மீட்டர் என்ற ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல் இருந்தாலோ, ரத்த அழுத்தம் 180/100-க்கு மேல் இருந்தாலோ, கடந்த ஒரு மாதத்தில் மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்திருந்தாலோ இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, எட்டு (காலடி) எண்ணிக்கை. வழக்கமான வேகத்தில் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு, அடுத்த 15 விநாடியில் எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 22 எட்டு என்றால் நிமிடத்துக்கு 88. நிமிடத்துக்கு 100 எட்டு என்பது மிதமான உழைப்பின் தொடக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தளர்ந்துபோன முதியவர்களுக்கு இந்த 100 எட்டாத உயரமாகத் தோன்றலாம். அவர்களுக்குத் தங்கள் சொந்த வேகத்திலிருந்து கணக்குப் போடுவது நல்லது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் குடியிருப்புகளில் வசித்த தளர்ந்த முதியவர்கள் தங்கள் வழக்கமான நடையைவிட நிமிடத்துக்குச் சுமார் 14 எட்டு கூட்டி நடந்தபோது ஆறு நிமிடத் தூரம் தெளிவாகக் கூடியது. 88 எட்டுக்காரருக்கு அது 102. பதினைந்து விநாடிக்கு 22 என்பது 25 அல்லது 26 ஆக வேண்டும், அவ்வளவுதான். போனில் மெட்ரோனோம் என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். 102 என்று வைத்துவிட்டால் அது தட்டும் தாளத்துக்குக் கால் தானாக விழும்.

வேகம் கூட்டச் சொன்னால் பலர் எட்டை நீட்டி வைக்கிறார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது. நீண்ட எட்டில் குதிகால் உடம்புக்கு வெகுமுன்னால் விழுகிறது. முழங்காலுக்கு அதிர்ச்சி போகிறது. ஈரத் தரையில் வழுக்குவதும் அப்படித்தான். எட்டின் நீளம் பழையபடியே இருக்கட்டும், எண்ணிக்கை மட்டும் கூடட்டும். முழங்கையை மடக்கிக் கையை வீசினால் கால் கூடவே வேகம் பிடிக்கும்.

நேரத்தைக் கூட்டுவது

அரை மணியை ஒரு மணியாக்குவது. இதன் பலனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை: சர்க்கரை கட்டுப்படும், தூக்கம் வரும், மனசு லேசாகும். உட்கார்ந்தே இருந்தவர் எழுந்து நடந்தாலே நோயும் சாவும் குறைவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 எட்டு நடந்தவர்களைவிட 4,400 எட்டு நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. எல்லோரும் சொல்லும் 10,000 என்ற எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஓர் எட்டு எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் எழுபது வயதுக்காரருக்கு அது முழுதாக இரண்டு மணி நேரம். தொடங்கிய முதல் மாதமே 8 கிலோமீட்டரைப் பிடித்தால் குதிகால் வலியும் முட்டி வீக்கமும் வந்து மூன்றாவது வாரம் வீட்டில் உட்கார வேண்டியதாகிவிடும். அந்தப் பாதையில் 2 கிலோமீட்டர் மட்டும், அதைச் சுறுசுறுப்பாக நடப்பது அவருக்கு அதிகம் உதவும்.

நேரத்தைக் கூட்டும் வழி உண்மையாகவே பொருந்துவது, இப்போது பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து நடக்க முடியாதவருக்கு. அவர் முதலில் இருபது நிமிடத்தை எட்டட்டும். வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

சீரான சுறுசுறுப்பு நடை

பேச முடியும், பாட முடியாது. அந்த வேகத்தில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பின் கீழ் வரம்பு இதில் கச்சிதமாக நிறைகிறது.

இந்த வழிக்கு நல்ல சான்று அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரிடம் நடந்து 2014-ல் முடிவு வெளியான ஆய்வு. சேர்ந்தவர்கள் எல்லோருமே ஏற்கெனவே நடை தளரத் தொடங்கியவர்கள். ஒரு பகுதியினர் மிதமான நடையோடு கால் வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தார்கள்; மற்றவர்களுக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு மட்டும். சராசரியாக 2.6 ஆண்டு முடிவில் 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் முதல் பிரிவில் 30.1 சதவீதம், இரண்டாவதில் 35.5 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 400 மீட்டர் என்பது பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் தூரம். அது போய்விட்டால் எதற்கும் மகனையோ மருமகளையோ எதிர்பார்க்க வேண்டும்.

குறை என்னவென்றால், உடம்பு இரண்டு மூன்று மாதத்தில் இந்த வேகத்துக்குப் பழகிவிடும். எண்ணிக்கையை அவ்வப்போது கூட்டாவிட்டால் பழைய சுற்றுக்கதைதான். கூட்டமாக நடப்பவர்களிடம் இது அதிகம்: பேச்சு சுவாரசியமாகும்போது குழுவில் மிக மெதுவானவரின் வேகத்துக்கு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பேச்சைக் கடைசி பத்து நிமிடத்துக்கு ஒத்திப்போடலாம்.

மாற்றி மாற்றி நடப்பது

மூச்சுதான் உங்களை நிறுத்துகிறது, முழங்கால் ஓரளவு நன்றாக இருக்கிறது என்றால் முதல் தேர்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முறை ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் உருவானது. மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவு. இப்படி ஐந்து முறை, மொத்தம் அரை மணி, வாரம் நாலு நாளாவது. வேகப் பகுதியில் ஒருவரின் உச்சத் திறனில் 70 சதவீதத்துக்கு மேல், மெதுப் பகுதியில் 40 சதவீதம். சராசரி வயது 63 உள்ள 246 பேர் ஐந்து மாதம் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. மாற்றி மாற்றி நடந்தவர்களுக்கு நடையின்போதான உச்ச ஆக்ஸிஜன் திறன் (உடம்பு அதிகபட்சமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு) 9 சதவீதமும், முழங்காலை நீட்டும் தசையின் வலு 13 சதவீதமும், மடக்கும் தசையின் வலு 17 சதவீதமும் கூடின. ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது. நாளுக்கு 8,000 எட்டுக்குக் குறையாமல் மிதமான வேகத்தில் நடந்தவர்களிடம் இந்த அளவு மாற்றம் இல்லை. நேரமும் எட்டும் குறைவாக இருந்தும் பலன் கூடியதற்குக் காரணம் அந்த மூன்று நிமிடங்கள். இதயத்தையும் தசையையும் வழக்கத்துக்கு மேல் கேட்கும் நேரம் அதுதான். இடையில் வரும் மெதுநடை அடுத்த வேகத்துக்கு ஆளைத் தயார் செய்கிறது. மூன்று நிமிட வேகத்தைத் தொடர்ந்து பதினைந்து நிமிடம் நடக்கச் சொன்னால் பலரால் முடியாது. பிரித்துக் கொடுத்தால் முடிகிறது.

எது வேகம்? மூன்று நாலு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வராத நிலை. பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்டால் ஆறு, ஏழு என்று சொல்லத் தோன்ற வேண்டும். எட்டுக்குப் போனால் அதிகம். நாடித்துடிப்பை வைத்து அளக்கலாமே என்பார்கள். ஆனால் இந்த வயதில் பலர் பி.பி.க்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவை துடிப்பைக் கட்டிப் போடும். 'இன்னும் 110 வரலையே' என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேகத்தை ஏற்றுவது ஆபத்து. மூச்சையும் பேச்சையும் நம்புங்கள்.

முதல் நாளே மூன்றுக்கு மூன்று வேண்டாம். முதல் இரண்டு வாரம் சீரான நடை 20 நிமிடம். மூன்றாவது, நாலாவது வாரம் ஒரு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவு, ஐந்து முறை. ஐந்தாவது, ஆறாவது வாரம் இரண்டுக்கு மூன்று. ஏழாவது வாரத்திலிருந்து முழு முறை. எந்த வாரமும் சிரமமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள். முன்னும் பின்னும் ஐந்து ஐந்து நிமிடம் சாதாரண நடை கட்டாயம். வேகத்தில் இருந்து சட்டென்று நின்றால் கால் தசையில் தேங்கிய ரத்தம் மேலே வராமல் தலை சுற்றும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் நடந்து முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து எழும் அந்த நிமிடத்தில்தான்.

கடிகாரம் பார்க்கத் தொல்லையாக இருந்தால் 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானத்தில் அரைச் சுற்று வேகம், அரைச் சுற்று மெதுவு. முதியவர்கள் பலர் வேகநடையில் மூன்று நிமிடத்தில் கடக்கும் தூரம் 200 மீட்டரோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். ஊர்ப்புறத்தில் கரண்டுக் கம்பங்களை எண்ணிக்கொள்ளலாம். முதல் நாள் கடிகாரத்தை வைத்து மூன்று நிமிடத்துக்கு எத்தனை கம்பம் என்று பார்த்துவிட்டால் பிறகு அதே பாதையில் கடிகாரம் வேண்டாம்.

இந்த முறை கெடுவது பெரும்பாலும் மெதுப் பகுதியில். 'நல்லாத்தான் இருக்கு' என்று மெதுவையும் வேகமாக நடந்துவிடுவார்கள். மூன்றாவது சுற்றில் வேகம் தானாக இறங்கி, முழுவதும் ஒரே நடுத்தர நடையாகிவிடும். மெதுவு என்றால் கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கும் மெதுவு. அதில் வெட்கம் வேண்டாம்.

ஆயுள் கூடுமா என்று கேட்டால் பதில் கவனமாகச் சொல்ல வேண்டும். நார்வேயின் ட்ரான்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. கடும் இடைவெளிப் பயிற்சி செய்தவர்கள், மிதமான பயிற்சி செய்தவர்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்கள் ஆகிய மூன்று பிரிவுக்கும் இடையே உயிரிழப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே வேகநடைக்கு ஆயுள் உத்தரவாதம் யாராவது கொடுத்தால் நம்ப வேண்டாம். மாடி ஏற, பஸ்ஸைப் பிடிக்க, மூச்சு வாங்காமல் சந்தைக்குப் போய் வரத் தெம்பு வேண்டும் என்பதே இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அது போதும்.

மேடும் படியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மேட்டுக்குப் பஞ்சமில்லை. ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலை, அரூர்ப் பக்கம் தீர்த்தமலை, கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை, ராயக்கோட்டைக் கோட்டை. ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டாமலே உழைப்பு கூடும். வேகமாக நடக்கத் தெரியாதவர், கூச்சப்படுபவர், தடுமாறுபவர்கூட மெதுவாக ஏறினாலே மூச்சுக்குத் தேவையான வேலை கிடைத்துவிடும். தொடையும் பிட்டத் தசையும் வலுப்படும்.

தொல்லை இறங்கும்போது. இறங்கும் ஒவ்வொரு படியிலும் உடம்பு கீழே விழாமல் தொடைத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். முழங்கால் சிப்பியின் அடியில் அழுத்தம் பல மடங்காகும். மலைக்கோயில் போய் வந்த மறுநாள் கால் பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான். முட்டித் தேய்மானம் உள்ளவர் ஏறிவிட்டு, சாலை வசதி உள்ள மலையாக இருந்தால் வண்டியில் இறங்கலாம். கௌரவம் ஒன்றும் குறையாது. இல்லையென்றால் வீட்டிலேயே 15 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றில் நல்ல கால் முன்னால் ஏறி, வலிக்கும் கால் முன்னால் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துப் பத்துப் பத்தாகச் செய்யலாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கோயில் படி தனி ஆபத்து. வெறுங்காலில், சூடேறிய கருங்கல்லில், கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. அவர்கள் வெயில் ஏறுமுன் போய் வரட்டும். வந்ததும் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும், கண்ணாடி வைத்தாவது பார்க்கட்டும்.

டிரெட்மில்லில் சரிவு வைத்து நடப்பதும் இதே கணக்குதான். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் பாதி உழைப்பு கைக்குப் போய்விடும். திரையில் தெரியும் கலோரியை நம்ப வேண்டாம்.

கால் வலு முதலில்

கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், 30 விநாடிக்கு எத்தனை முறை என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆணுக்கு 12-க்கும் பெண்ணுக்கு 11-க்கும் கீழே என்றால் குறைவு. 70 முதல் 74-ல் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. இதற்குக் கீழே இருப்பவர் வேகநடையைத் தள்ளி வைத்து, ஆறு வாரம் கால் தசையைக் கவனிக்க வேண்டும். தசை தாங்காத இடத்தில் வேகம் சேர்த்தால் விழுவார்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் எந்த நடைக் கணக்கும் உதவாது.

வாரம் மூன்று நாள் போதும். நாற்காலியிலிருந்து எழுவது 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று தடவை. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது 15 முறை. ஒரு பாதத்தின் விரலை ஒட்டி மற்ற பாதத்தின் குதிகாலை வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, பத்து விநாடி நிற்பது. சாப்பாட்டில் புரதம் இல்லாமல் தசை வராது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது இந்த வயதுக்கான பொது அளவு. 55 கிலோ ஆளுக்கு 55 முதல் 66 கிராம். இந்தப் பக்கத்துக் களியும் கூழும் தெம்பு தரும், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நிறைய. ஆனால் புரதக் கணக்கு அதில் நிறையாது. கொள்ளு, அவரை, பயறு, முட்டை, தயிர் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால்

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. பீடி, சிகரெட் பழக்கமோ நெடுநாள் சர்க்கரையோ இருந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். முதுகெலும்புக் குழாய் சுருங்கியதாலும் இப்படி வரும். அதில் வெறுமனே நின்றால் போகாது. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடும்.

ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் 'வலி வரும் முன்னே நின்றுவிடு' என்ற அன்பான அறிவுரையைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அது அவர்களுக்கு உதவவில்லை என்று காட்டிய ஆய்வு 2021-ல் அமெரிக்காவில் வந்தது. 305 பேர், 12 மாதம், வீட்டிலிருந்தபடியே நடை. வலி வராத மெதுநடைக்காரர்களின் ஆறு நிமிடத் தூரம் சராசரியாக 6 மீட்டர் குறைந்தது. வலி வரும் அளவு வேகமாக நடந்தவர்களுக்கு 34 மீட்டர் கூடியது. முறை இது: வலி நடுத்தரமாகும் வரை நடந்து, முழுதாக விடும் வரை நின்று அல்லது உட்கார்ந்து, மறுபடி நடப்பது. ஓய்வைச் சேர்க்காமல் நடை மட்டும் அரை மணிக்கு மேல் போக வேண்டும், மெல்ல மெல்ல. பரிசோதித்து உறுதி செய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். படுத்திருக்கும்போதே பாதம் வலித்தால், விரல் கறுத்தால், ஆறாத புண் இருந்தால் இந்த நடை கூடாது, உடனே மருத்துவமனை.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல்

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் இப்போது எழுபதில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் பல பத்தாண்டு போர்த் தண்ணீரைக் குடித்தவர்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வயதானவர்களின் முதுகு விறைப்பை எல்லாம் 'வயசாச்சு, தேய்மானம்' என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று சின்னச் சோதனை உண்டு: தாடையை மார்பில் தொட வேண்டும், முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும், இரு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மூன்றும் முடியவில்லை, பல்லிலும் பழுப்புக் கறை இருக்கிறது என்றால் எலும்பில் புளோரைடு படிந்திருக்க வாய்ப்பு உண்டு. தசைநார்கள் இறுகி முதுகும் இடுப்பும் வளையாத இந்த நிலையில், சறுக்கினால் உடம்பை வளைத்துச் சமாளிக்க முடியாது. வேகநடையும் மலையேற்றமும் இவர்களுக்கு ஆகாது. சமதரையில் சீரான நடையும், நாற்காலிப் பயிற்சியும், தோள் இடுப்பை மெதுவாக அசைக்கும் பயிற்சியும் போதும். கால் சோர்ந்துபோவது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஏதாவது சேர்ந்தால் முதுகுத்தண்டு அழுத்தப்படுகிறது என்று பொருள், காத்திருக்கக் கூடாது.

எந்த வழியானாலும்

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போகக் கூடாது. அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம். சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை மடித்து வைத்திருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல் வந்தால் அங்கேயே நின்று வாயில் போட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று நடையைத் தொடர்வதால்தான் மயங்கி விழுகிறார்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரி, அரூர்ப் பக்கம் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் புறப்படும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை வேறு: மார்கழிப் பனியில் ரத்தக்குழாய் சுருங்கி இதயத்துக்குச் சுமை கூடும். அங்கே வெயில் தலைகாட்டிய பிறகு நடப்பதே சரி, தொடக்க நடையையும் பத்து நிமிடமாக்க வேண்டும்.

ஹவாய் செருப்பில் வேகநடை வேண்டாம். அது கழலாமல் இருக்க விரலை மடக்கிப் பிடித்தபடியே நடக்கிறோம். பாதம் உருளாது, தடுக்கும். பின்பட்டை உள்ள செருப்போ கயிறு கட்டும் ஷூவோ போதும், விலை கூடியது தேவையில்லை. சாலையில் நடந்தால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டையில்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், படபடப்பு வந்தால் நின்று உட்கார வேண்டும். சில நிமிடத்தில் விடாவிட்டால் 108.

வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் அது தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வாங்குவதோடு நிற்காமல், நாற்காலிச் சோதனையையும் ஆறு நிமிட நடையையும் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காய்ச்சலோ கல்யாண அலைச்சலோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. வேகப் பகுதியைப் பாதியாக்கி ஒரு வாரம், முக்காலாக்கி ஒரு வாரம், பிறகு பழைய அளவு. ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் மறுபடி 30 மீட்டர் அளந்து, நாற்காலி போட்டு, முதலிலிருந்து.